வழுவும் வழுவமைதியும்: இரத்தக்காட்டேரிப் படங்களிற் குற்றங் காணல் பற்றிச் சில குறிப்புகள்

திரைப்படமொன்றிற் பிழை பொறுக்குவதைத் திறனாய்வுப் பணியாக ஏற்கும் வழக்கம் எம்மிடையே இல்லை. முன்காட்சியில் அணைந்திருந்த மெழுகுதிரி பின்காட்சியில் எரிவதைச் சுட்டுபவனும், பூட்டிய அறைக்குள் ஒருவன் எவ்வாறு நுழைந்தான் என்று கேட்பவனும் கலையை நுகரத் தெரியாதவர்கள் எனவே கணிக்கப்படுகின்றனர். பேய்ப்படத்திற் பிழை காண்பவன் நிலை இன்னும் பரிதாபமானது. 'பேய் உண்டு என்பதையே ஒப்புக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர். பிறகு அது பகலில் நடந்தாலென்ன, இரவில் நடந்தாலென்ன?' என்று அவனுடைய வாயை எளிதில் அடைத்துவிடலாம்.

இவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. இயல்புக்கு மாறான உலகொன்றைப் படைக்கும் கலைஞன், தான் விதித்த விதிகளுக்கு மற்றையோரினும் கூடுதலாகக் கட்டுப்பட்டவனாகிறான். நாளாந்த வாழ்க்கையைச் சித்திரிக்கும் படத்தில் ஏதேனும் விடுபட்டாற் பார்வையாளர் தம் அனுபவத்தால் அதனை நிரப்பிக் கொள்வர். காட்டேரியின் உலகிலோ அவர்கள் பற்றிக்கொள்வதற்கு விதிகளைத் தவிர வேறெதுவுமில்லை. சூரிய ஒளி, சிலுவை, உள்ளிப்பூ, மரமுளை, கண்ணாடியில் நிழல் விழாமை, தாய்மண் நிரம்பிய பெட்டி ஆகிய யாவும் அவ்வுலகின் இலக்கணம். இலக்கணம் உள்ளவிடத்து வழுவும் உண்டு.

இவ்வகைக் குற்றங்காணல் எமது மரபுக்குப் புதியதுமன்று. நூற்குற்றங்களைத் தொகுத்த நன்னூலார் குன்றக் கூறல், மாறுகொளக் கூறல், சென்றுதேய்ந்திறுதல் என்று பெயரிட்டவற்றையே இன்றைய திரைப்பட இரசிகர் கதைப் பொத்தல் என்றும் தொடர்ச்சிப் பிழை என்றும் கூறுகின்றனர். இதனினும் பயன் மிக்கது சொல்லிலக்கணத்தார் வழு, வழாநிலை, வழுவமைதி எனக் காட்டிய பாகுபாடு. உவப்பினாற் பசுவொன்றை அம்மை என்றழைப்பது திணை வழுவே. ஆயினும் காரணம் பற்றி அது அமைக்கப்படும். விரைவு, மிகுதி, தெளிவு என்பன பற்றிக் காலங்கள் மயங்குதலும் அவ்வாறே கொள்ளப்படும். பிழை உளது என்று காட்டுவதோடு அமையாது, அது யாது காரணத்தால் நேர்ந்தது, அக்காரணம் அதனைத் தாங்குமா என்று வினவும் இம்முறையே இக்கட்டுரையில் எமக்கு வழிகாட்டி. (இலக்கணத்தில் 'இடம்' என்பது தன்மை, முன்னிலை, படர்க்கையைக் குறிக்கும். இங்கு இடவழு என்னும்போது ஊரையும் தூரத்தையும் கருதிச் சொல்லை நெகிழ்த்தே ஆளுகின்றோம். இலக்கண ஆசிரியர்கள் பொறுத்தருள்வாராக.)

எடுத்துக்கொண்ட படங்கள் முதன்மையாக மூன்று: ஜேர்மனியில் முர்ணவ் 1922 இல் நெறிப்படுத்திய 'நொஸ்பெராத்து', அமெரிக்காவில் ரொட் பிறவுணிங் 1931 இல் நெறிப்படுத்த, பேலா லுகோசி நடித்த 'டிராகுலா', இங்கிலாந்தின் ஹமர் நிறுவனத்துக்காக ரெறன்ஸ் ஃபிஷர் 1958 இல் நெறிப்படுத்த, கிறிஸ்ரோபர் லீயும் பீற்றர் குஷிங்கும் நடித்த 'டிராகுலா'. மூன்றும் பிராம் ஸ்ரோக்கர் 1897 இல் வெளியிட்ட நாவலிலிருந்து பிறந்தவை. முதலாவது அனுமதியின்றிப் பிறந்தது.

'நொஸ்பெராத்து' மீது சுமத்தப்படும் பெருங்குற்றம் காலவழு. ஓர்லொக் பிரபு நள்ளிரவிற் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நகரத்துள் நுழைகிறான். திரையிலோ வெயில் எறிக்கிறது. காட்டேரி சூரிய ஒளியில் அழியும் என்ற விதியை உலகுக்குத் தந்ததே இப்படந்தான் என்பதை நினைவிற் கொண்டால் இது வேடிக்கையான முரணாகத் தோன்றும். ஸ்ரோக்கரின் பிரபுவுக்குப் பகலில் ஆற்றல் குறையுமேயன்றி அழிவில்லை. இலண்டன் வீதியிற் பட்டப்பகலில் நிற்கும் அவனைக் கதைமாந்தர் காண்கின்றனர். ஆகவே தானே ஆக்கிய சட்டத்தைத் தானே மீறிய படம் என்று இதனைக் கூறிவிடலாமா?

கூறலாகாது. அக்காலப் படச்சுருளைக் கொண்டு இரவில் வெளிப்புறக் காட்சிகளைப் பிடித்தல் அரிதாக இருந்தது. பகலிற் படம்பிடித்து, இரவுக் காட்சிகளின் படிகளுக்கு நீலச்சாயம் ஏற்றுவதே வழக்கம். நீலம் கண்டால் இரவு என்பது படைப்போனுக்கும் பார்ப்போனுக்கும் இடையேயிருந்த உடன்படிக்கை. ஸ்ரோக்கரின் மனைவி புளோறன்ஸ் தொடுத்த வழக்கில் 1925 இல் நீதிமன்றம் படத்தின் படிகளை அழிக்குமாறு கட்டளையிட்டது. தப்பிய படிகளிலிருந்து படி எடுத்து, அதிலிருந்து மீண்டும் படி எடுத்து உலகெங்கும் பரவியவை பெரும்பாலும் சாயமற்ற கறுப்பு வெள்ளைப் படிகள். நீலம் போயிற்று, இரவும் போயிற்று. பல்லாண்டுகளாகப் பார்வையாளர் நகைத்த பிழை, நீதிமன்றமும் மலிவான படியெடுப்பும் சேர்ந்து ஆக்கிய பிழையாகும். சாயத்தோடு மீட்கப்பட்ட படிகளைப் பார்ப்போருக்கு அக்குற்றச்சாட்டு விளங்குவதேயில்லை. ஏட்டுச்சுவடியிற் செல்லரித்த இடத்தைப் புலவனின் பிழையெனக் கொள்ளாத நாம், படச்சுருளுக்கும் அந்நியாயத்தைச் செய்யலாகாது. பாடபேத ஆராய்ச்சி திரைப்படத்துக்கும் வேண்டும்.

இதே படத்தின் இறுதியில் ஓர்லொக்கின் உருவம் கண்ணாடியிற் தெரிவதையும் சிலர் பிழை என்பர். கண்ணாடி பற்றிய விதி ஸ்ரோக்கரின் நாவலுக்கு உரியது. முர்ணவின் படம் அதனை எங்கும் கூறவில்லை. ஒரு நூலின் விதிகொண்டு இன்னொரு நூலைத் தண்டிப்பது முறையன்று.

1931 ஆம் ஆண்டுப் படமும் கத்தரிக்கு இரையாயிற்று. 1934 இன் பின் இறுக்கமடைந்த தணிக்கை விதிகளின் கீழ் அது மறுவெளியீடு கண்டபோது, பிரபு இறக்கும்போது எழுப்பும் முனகலும், இறுதியில் வான் ஹெல்சிங் பார்வையாளரை நோக்கிப் பேசும் பகுதியும் நீக்கப்பட்டன. பிரபுவின் மரணம் திரைக்கு வெளியே நிகழ்வது. ஒலியால் மட்டும் உணர்த்தப்படுவது. ஒலியையும் நீக்கிவிட்டபின், 'அவன் உண்மையிற் செத்தானா?' என்று கேட்ட பார்வையாளனைக் குறைகூற என்ன இருக்கிறது? எமது நாட்டின் மாகாண நகரங்களுக்குப் படச்சுருள் வந்துசேரும்போது அதன் தலையும் வாலும் தேய்ந்திருந்தமையையும், கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று ஒரு சுருள் ஓட்டப்படாமலே விடப்பட்டமையையும் மூத்தோர் இன்றும் சொல்வர். சென்றுதேய்ந்திறுதல் இங்கு உவமையன்று.

சில்லறைப் பிழைகளில் நாம் நெடுநேரம் தரிக்க வேண்டியதில்லை. திரான்சில்வேனியாவின் கோட்டைக்குள் எமது காட்டு அழுங்கை ஒத்த ஓடுடைய, அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய ஆர்மடில்லோக்கள் ஊர்ந்து திரிவதும், முர்ணவின் படத்தில் ஓநாய் மனிதன் என்ற பெயரிற் கழுதைப்புலியொன்று உலாவுவதும் மரபுவழுக்கள். இவை சிரிப்பைத் தருவன; கதையைச் சிதைப்பனவல்ல. பிறவுணிங்கின் படத்தில் படுக்கையறை விளக்கோடு சாய்ந்து நிற்கும் காகித அட்டைத் துண்டு மட்டும் சற்று வேறுபட்டது. ஒளி கண்ணைக் கூசாதிருக்க அண்மைக் காட்சிக்கென வைத்ததைச் சேய்மைக் காட்சியிலும் எடுக்க மறந்துவிட்டனர் என்பர். நோயாளிக்கு வெளிச்சம் படாதிருக்க வைத்தது என்று கதைக்குள்ளேயே பொருள் காண்போரும் உளர். முன்னையதே உண்மையாயின், நிழல்களின் மாளிகையில் ஒரு தொழிலாளியின் கை தன்னையறியாது விட்டுச்சென்ற தடம் அது. எமக்கு அந்த அட்டையின் மீது ஒருவித வாஞ்சை உண்டு.

இவற்றினும் பாரதூரமானது லூசி பற்றிய பொத்தல். பிரபுவாற் கடியுண்டு இறந்த லூசி, வெள்ளுடைப் பெண்ணாக எழுந்து குழந்தைகளைக் கவர்ந்து செல்வதாக 1931 ஆம் ஆண்டுப் படம் கூறுகிறது. அவளுடைய ஆன்மாவை விடுவிப்பதாக வான் ஹெல்சிங் வாக்களிக்கிறார். பின்னர் படம் அவளை அடியோடு மறந்துவிடுகிறது. குன்றக் கூறலுக்கு இதனிற் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. இதே அரங்குகளில், இரவு வேளைகளில், ஜோர்ஜ் மெல்ஃபோட் என்பவர் வேறு நடிகரைக் கொண்டு ஸ்பானிய மொழியில் அதே கதையைப் படமாக்கினார். அப்படம் ஆங்கிலப் படத்தினும் ஏறத்தாழ அரை மணி நேரம் நீண்டது; லூசியின் முடிவு அதிற் சொல்லப்படுகிறது. (ஸ்பானியப் படத்திற் கெட்டுப்போயிருந்த சுருளின் நல்ல படி, பிற்காலத்திற் கியூபாவின் ஆவணக் காப்பகத்திலிருந்தே கிடைத்தது.) ஆகவே கதையில் இப்பொத்தல் இருந்தே தீரவேண்டிய கட்டாயமில்லை. ஆங்கிலப் படம் நாவலை நேரே தழுவாது, 1927 இல் நியூயோர்க்கில் மேடையேறிய நாடகத்தைப் பின்பற்றியதென்பதை இவ்விடத்து மனங்கொள்ள வேண்டும். மேடையில் ஓநாயை ஓட்ட முடியாது. எனவே யன்னலருகே நிற்கும் ஒருவர், வெளியே ஓநாய் ஓடுவதாகச் சொல்கிறார். திரையிலும் அவர் சொல்லிக்கொண்டே நிற்கிறார்.

ஹமர் படங்களின் மாறுகொளக் கூறலுக்குக் காரணம் வேறு. 1958 இல், காட்டேரி வௌவாலாக மாறும் என்பது வெறும் மூடநம்பிக்கை என வான் ஹெல்சிங் உறுதிபடக் கூறுகிறார். ஈராண்டு கழித்து, அதே நெறியாளரின் படத்தில், அதே வான் ஹெல்சிங்கின் கண்முன்னே காட்டேரியொன்று வௌவாலாகப் பறக்கிறது. 1968 ஆம் ஆண்டுப் படத்தில், நெஞ்சில் முளையறைந்தவன் நம்பிக்கையற்றவன், பிரார்த்திக்கத் தெரியாதவன் என்பதால் பிரபு அதனைத் தானே பிடுங்கி எறிகிறான். இவ்விதி முன்னர் எங்கும் இல்லை. லீயே பின்னர் இதுபற்றி அதிருப்தி தெரிவித்தார். 1958 ஆம் ஆண்டுப் படத்தின் நிகழ்ச்சிகள் 1885 இல் நடப்பன. 1972 இல் வெளியான படமோ, பிரபுவும் வான் ஹெல்சிங் ஒருவரும் 1872 இலேயே இலண்டனிற் பொருதி மடிந்ததாகத் தொடங்குகிறது. நூறு ஆண்டு என்ற முழு எண் விளம்பரத்துக்குத் தேவைப்பட்டது போலும். 1970 இல் வெளியான இரு படங்களுள் ஒன்றில் பிரபு இங்கிலாந்தின் பாழடைந்த தேவாலயத்தில் அழிகிறான். மற்றையதில் அவனுடைய எச்சங்கள் மலைநாட்டுக் கோட்டையிற் கிடக்கின்றன. கடல் கடந்தது எப்படி என்று எவரும் கூறுவதில்லை. இலக்கணகாரர் விரைவு பற்றி அமைத்த காலமயக்கத்துக்கும், சந்தைக்காக ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேயை வார்த்தெடுக்கும் நிறுவனத்தின் விரைவுக்கும் வேறுபாடுண்டு. முன்னையது பேசுவோனின் உள்ளத்து விரைவு. பின்னையதை வழுவமைதி என்று நாம் ஏற்கத் தயாரில்லை. உற்பத்தி முறையின் சான்றாக ஏற்கத் தயார்.

இதுவரை கூறியவை பிழை தேடுவோர் பலரும் அறிந்தவை. எமது நோக்கைச் சற்றே திருப்பியது, வவுனியா நெளுக்குளத்தில் அண்மையில் ஆசிரியர்களும் கமக்காரரும் வீட்டுப் பெண்களுமாகச் சிலர் கூடி, வெள்ளைச் சீலை கட்டி முர்ணவின் படத்தையும் பிறவுணிங்கின் படத்தையும் பார்த்த மாலையொன்று. ஆர்மடில்லோவை எவரும் பொருட்படுத்தவில்லை. காட்டு விலங்கென்றால் காட்டு விலங்கு. காகித அட்டையும் அவர்கள் கண்ணிற் படவில்லை. அவர்கள் கேட்டவை வேறு.

"ஒரு பெட்டி மண் எண்டாலே தூக்க நாலு பேர் வேணும். உதுகளை ஆர் ஏத்தி இறக்கினது?" என்றார் வயதான கமக்காரர் ஒருவர். இன்னொரு கேள்வி, படம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது, அதுவரை வாய் திறவாதிருந்த முதிய பெண்மணியிடமிருந்து வந்தது: "அந்தப் பூ வித்த பிள்ளைக்கு என்ன நடந்தது? பிறகு காட்டேல்லையே."

எமக்கு முதலில் எந்தப் பிள்ளை என்று விளங்கவில்லை. பின்னரே நினைவு வந்தது. இலண்டனுக்கு வந்திறங்கிய பிரபு, அரங்கிற்குச் செல்லும் வழியில், தெருவிற் பூ விற்கும் ஏழைப் பெண்ணொருத்தியை இருளுக்குள் நெருக்குகிறான். அலறல் கேட்கிறது, பொலிஸ்காரரின் ஊதல் கேட்கிறது. பிரபு அமைதியாக அரங்கினுட் புகுந்து கனவான்களோடு உரையாடுகிறான். படம் அப்பெண்ணை மீண்டும் நினைப்பதில்லை. அவள் செத்தாளா, கடியுண்டு எழுந்தாளா, எழுந்தாள் எனில் யாரைக் கடித்தாள் என்ற வினாக்களுக்கு இடமேயில்லை. பல தடவை இப்படத்தைப் பார்த்து, லூசியின் பொத்தலைப் பற்றி விரிவாகப் பேசக்கூடிய எவரும் இப்பொத்தலைப் பெரிதாகக் குறிப்பிட்டதை நாம் காணவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் வீதியோரக் கொட்டகையில் அமர்ந்து பிள்ளைகளைக் கேட்கத் தொடங்கிய மாவட்டத்தில், ஒருத்தியின் கண்ணுக்கு அது முதலில் தென்பட்டதில் வியப்பில்லை.

இவ்விரு கேள்விகளையும் கொண்டு படங்களை மீண்டும் நோக்குமிடத்து, பொத்தல்கள் ஓர் ஒழுங்கில் விழுந்திருப்பதை அவதானிக்கலாம். 1931 ஆம் ஆண்டுப் படத்தில் மயங்கி வீழ்ந்த பணிப்பெண்ணை நோக்கி றென்ஃபீல்ட் நாலுகாலில் ஊர்ந்து வருகிறான், காட்சி இருள்கிறது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் படம் சொல்வதில்லை. (ஸ்பானியப் படத்தில் அவன் பிடிக்கச் சென்றது ஈயொன்றை என்று காட்டப்படும்.) கப்பலின் மாலுமிகள் அனைவரும் சாகின்றனர், அவர்களைப் பற்றிய பேச்சும் கப்பலோடு கரைதட்டி நின்றுவிடுகிறது. லூசி கவர்ந்துசென்ற பிள்ளைகள் பத்திரிகைச் செய்தியில் வருகின்றனர், திரைக்கு வருவதில்லை. வைத்தியரின் மகள் மினாவைக் காப்பதற்கு மட்டும் படத்தின் பிற்பாதி முழுவதும் செலவிடப்படுகிறது. கதை எவரை எண்ணிக்கையிற் சேர்த்துக்கொள்கிறது, எவரை விட்டுவிடுகிறது என்பதே இங்கு மேற்கிளம்பும் வினா.

நாவலில் நிலைமை இவ்வாறில்லை என்பது கவனித்தற்குரியது. ஸ்ரோக்கர் முற்போக்காளரல்லர், கீழைத்தேயத்தாரையும் நாடோடிகளையும் பெண்களையும் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகள் அவருடைய வர்க்கத்தின் கருத்துகளே. ஆயினும் அவர் கணக்கு வைத்திருந்தார். பிரபு கொண்டுவரும் மண்பெட்டிகள் ஐம்பது. கோட்டையில் அவற்றை நிரப்புவோர் ஜிப்சிகள். வண்டிகளில் இழுத்துச் செல்வோர் சுலோவாக்கியர். துறைமுகத்தில் அவற்றைப் பொறுப்பேற்க வழக்கறிஞர் இருக்கிறார். இலண்டனில் அவற்றைச் சுமந்த கூலிகளைத் தேடிச் சென்று, தாகத்துக்குக் காசு கொடுத்து, தூசி படிந்த பாழ்வீட்டில் எத்தனை பெட்டி இறக்கினார்கள் என்று விசாரித்தே ஹார்க்கர் பிரபுவின் இருப்பிடங்களைக் கண்டுபிடிக்கிறான். உழைப்பாளரின் வாய்மொழி இல்லையேல் அந்நாவலிற் காட்டேரி பிடிபடுவதேயில்லை. திரைப்படங்கள் இப்பகுதியைக் கழித்துவிட்டன. பெட்டிகள் தாமே வந்து சேர்கின்றன. முர்ணவின் ஓர்லொக் தன் பெட்டிகளைத் தானே வண்டியில் ஏற்றுகிறான். தன் சவப்பெட்டியைத் தானே சுமக்கிறான். பேய்க்கு அசுர பலம் என்று சமாதானம் கூறலாம். கமக்காரர் அதை ஏற்றுக்கொண்டார், ஆனாற் சிரித்தார்.

சமையற்கட்டின் கதையும் இதுவே. சிலந்திவலை படர்ந்த கோட்டையில் விருந்தாளிக்குச் சூடான உணவும் பழைய மதுவும் காத்திருக்கின்றன. வேலையாள் ஒருவரையும் காணோம். யார் சமைத்தார்? நாவலில் ஹார்க்கருக்கும் இதே ஐயம் எழுகிறது. கதவிடுக்கால் நோக்கியபோது, பிரபுவே உணவு மேசையை ஒழுங்குசெய்வதைக் கண்டு, வண்டியோட்டியும் இவனே, பணியாளும் இவனே என்று உணர்கிறான். அவனது அச்சம் முற்றுவதும் அக்கணத்திலேதான். பிராங்கோ மொறெற்றி 1980களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரையில், பணியாளில்லாத இப்பிரபு பழைய நிலப்பிரபுவல்லன், பெருகுவதையே நியதியாகக் கொண்ட மூலதனத்தின் உருவம் என்று காட்டினார். மூலதனத்தைக் காட்டேரிக்கு ஒப்பிட்ட மார்க்ஸின் 1867 ஆம் ஆண்டு நூலை எமது வாசகர் அறிவர். அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை. நாம் சுட்ட விரும்புவது, ஸ்ரோக்கர் விடையளித்த வினாவைப் படங்கள் விடையின்றி விட்டன என்பதை மட்டுமே. விடை போனதும் சோறு தானாக வெந்தது.

1958 ஆம் ஆண்டுப் படம் இன்னொரு படி சென்றது. லூசியின் அறையிலிருந்த உள்ளிப்பூக்களை அகற்றி, யன்னலைத் திறந்து, அவள் சாவுக்கு வழிவிடுபவர் யார்? நாவலில் அது லூசியின் சொந்தத் தாய். இதய நோயாளியான அவளுக்கு உண்மை மறைக்கப்பட்டிருந்தது. ஹமர் படத்தில் அப்பிழை வீட்டுப் பணிப்பெண் கேர்டாவின் தலையிற் சுமத்தப்படுகிறது. மூச்சு முட்டுகிறதென்று எசமானி கெஞ்சுகிறாள், பணிப்பெண் இணங்குகிறாள். அப்பூக்கள் எதற்காக வைக்கப்பட்டன என்று அவளுக்கு ஒருவராவது சொன்னாரா? சொல்லவில்லை. ஒரு வாக்கியத்திற் கூறியிருக்கக்கூடிய காரணத்தைக் கற்றறிந்த வான் ஹெல்சிங் கூறாது சென்றமை படத்தின் கதைப் பொத்தல்களுள் மிகப் பெரியது. அதனை எவரும் பொத்தலாகக் காணாததற்குக் காரணம், பணிப்பெண்ணிடம் காரணம் சொல்லும் வழக்கம் வாழ்க்கையிலும் இல்லாமையே. பின்னர் லூசி இருளில் அழைத்துச் செல்வதும் இந்தக் கேர்டாவின் சிறுமகளைத்தான்.

ஊரவரின் மௌனத்துக்கு வருவோம். எல்லாப் படங்களிலும் கோட்டையின் அடிவாரத்தில் ஒரு விடுதியுண்டு, உள்ளிப்பூ தொங்கும், கோட்டையின் பெயரைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடும். இவர்களுக்கு எல்லா விதிகளும் தெரியும். வெளியூரான் வருமுன் இத்தனை காலமும் பிரபு உண்டது யாருடைய இரத்தத்தை? தெரிந்தவர்கள் ஏன் எழவில்லை? 1970 இன் ஹமர் படங்களுள் ஒன்றில் அவர்கள் எழுகின்றனர். விடுதிக்காரர் தலைமையில் தீவட்டியேந்திச் சென்று கோட்டைக்குத் தீ வைக்கின்றனர். திரும்பிவந்து பார்த்தால், தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்த பெண்கள் யாவரும் வௌவால்களாற் கொல்லப்பட்டுக் கிடக்கின்றனர். இவையனைத்தும் படத்தின் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகின்றன. பிறகு கனவான் வீட்டு இளைஞர்களின் காதற்கதை தொடங்குகிறது. இறுதியிற் பிரபுவைக் கொல்வதும் ஊரவரல்லர். அவன் ஓங்கிய இரும்புக் கம்பியில் மின்னல் விழுகிறது. கிளர்ந்தெழுந்தவர்களின் கதை இவ்வாறு வானத்திடம் ஒப்படைக்கப்பட்டமையைத் தற்செயல் என்று கொள்ள எமக்கு மனமில்லை.

தமிழ்ப் பேய்கள் இவ்வகையிற் கணக்குச் சுத்தமானவை. 12 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியிற் பேய்கள் பசியால் வாடிக் காளியிடம் முறையிடுகின்றன. நூலின் இறுதியில் அப்பசி தீர்கிறது. இடையே சமையல் உண்டு: அடுப்பு உண்டு, பானை உண்டு, மடிந்த வீரரின் பற்கள் அரிசியாக, முரசு உரலாக, யானைத் தந்தம் உலக்கையாக ஆகும் முறை உண்டு. பார்ப்பனப் பேய்க்கும் சமணப் பேய்க்கும் குருட்டுப் பேய்க்கும் கூழ் வார்ப்பதுகூட விடுபடவில்லை. அந்நூல் பாடுவது மன்னனின் வெற்றியை. கலிங்க வீரரின் குருதியைக் கூழாக்கிக் களிக்கும் அதன் உள்ளத்தோடு நாம் இணங்க முடியாது. ஆயினும் யார் சமைத்தார் என்ற வினா அங்கு எழ இடமில்லை. விக்கிரமாதித்தன் கதையின் வேதாளத்தைப் பேர்ட்டன் 1870 இல் ஆங்கிலத்திற் காட்டேரி என்றே பெயர்த்தார். அவ்வேதாளம் இரத்தம் குடிப்பதில்லை. கதை சொல்லி நிறுத்தி, குற்றம் யாருடையது என்று கேட்கிறது. விடை தெரிந்தும் சொல்லாதவனின் தலை வெடிக்கும்.

அண்மைக் காலத்தில், 2025 இல் வெளியான றையன் கூக்லரின் 'சின்னர்ஸ்' படத்தை இவ்விடத்துக் குறிப்பிடாதிருக்க முடியவில்லை. 1932 இன் மிசிசிப்பியிற் பருத்தித் தோட்டங்களில் உழைக்கும் கறுப்பின மக்கள், இரட்டையர் இருவர் திறந்த ஆட்டக் கொட்டகைக்கு வருகின்றனர். அவர்களிற் சிலரின் கையிலிருப்பது தோட்டத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும் நாணயம். அதனை ஏற்பதா விடுவதா என்று கொட்டகைக்காரரிடையே விவாதம் எழுகிறது. அழையாத வீட்டிற் காட்டேரி நுழையாது என்ற விதி வருமுன்பே, யார் இங்கு யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பது பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. இலங்கைத் தோட்டங்களில் 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையின் கதையைப் பாட்டன்மாரிடம் கேட்டவர்கள், 1977 இன் வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிற் குடியேறிய குடும்பங்களில் இன்றும் உளர். அவர்களுக்கு அந்த நாணயம் பற்றி விளக்கவுரை தேவைப்படாது. அப்படத்திலும் பிழைகள் உண்டு. அவற்றைத் தேடுவோர் தேடட்டும்.

நாவலின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு காட்சியுண்டு. பிரபு பையொன்றிற் குழந்தையைக் கொண்டுவந்து கோட்டைப் பெண்களுக்கு இரையாகக் கொடுத்த பின், தலைவிரிகோலமாக ஊர்ப்பெண் ஒருத்தி ஓடிவந்து, முற்றத்தில் நின்று, தன் பிள்ளையைத் தா என்று கதவில் மோதிக் கதறுகிறாள். மேலே யன்னலில் நிற்கும் ஹார்க்கர் அதனைப் பார்க்கிறான், நாட்குறிப்பில் எழுதுகிறான். பிரபு ஓநாய்களை அழைக்கிறான். சற்று நேரத்தில் முற்றம் வெறுமையாகிறது. நாம் எடுத்துக்கொண்ட மூன்று படங்களில் ஒன்றிலேனும் இப்பெண் இல்லை. பெட்டி சுமந்த கூலிகளுக்குக்கூடப் பெயர் இட்ட ஸ்ரோக்கர், இவளுக்குப் பெயர் இடவில்லை.